பெற்றவளும் பாடியவளும்

வானம் பார்த்த சீமை என்று வழங்கும் நிலப்பரப்பில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களுக்குத் தனி இடம் உண்டு. குண்டாறு மழைக்காலத்தில் மட்டுமே தன் இருப்பைக் காட்டும். கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் சோளமும் கம்பும். மானாவாரிக் காட்டில் பருத்தியும் மிளகாயும் மல்லியும் விளையும். சுந்தரர் பதிகம் பெற்ற திருச்சுழியைக் கடந்து நரிக்குடிப் பகுதிக்குள் சென்றால் வீரசோழன் என்னும் ஊர் வரும். பெயரில் சோழனைத் தாங்கி நிற்கும் அவ்வூரில், பள்ளிவாசலின் பாங்கொலி நாளின் பொழுதுகளைப் பகுத்துக் காட்டுகிறது.

இத்தகைய மண்ணில் உழுகுடிப் பெண் வீட்டுக்குள் இருந்தபடியே பிள்ளை வளர்த்தவள் அல்லள். களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் மிளகாய்ப் பழம் பறிக்கவும் அவள் காட்டுக்குப் போக வேண்டும். வரப்போரத்து வேம்பிலோ கருவேலத்திலோ பழஞ்சேலையைத் தொட்டிலாகக் கட்டிப் பிள்ளையைக் கிடத்திவிட்டு அவள் வரிசையில் குனிவாள். அழுகுரல் கேட்டால் ஓடிவந்து ஆட்டுபவள் சில வேளை அவள். சில வேளை அவளுடைய மாமியார். பல வேளை ஏழு எட்டு வயது நிரம்பிய மூத்த பெண். ஒரு பிள்ளையின் தொட்டிலை ஆட்டிய கைகள் பல.

தாலாட்டைப் பற்றி எழுதுவோர் அதனைத் தாயின் பாட்டு என்று சொல்லித் தொடங்குவர். அது பொய்யன்று. எனினும் தமிழ் இலக்கியத்தில் தாலாட்டுக்குக் கிடைக்கும் பழஞ்சான்றுகளை எடுத்து நோக்கினால், அவற்றுள் தலையாயவை பெற்ற தாயின் வாய்மொழியாக அமையவில்லை என்பது புலப்படும். பெற்ற அளவில் முழுமையாகிவிடுவதன்று பிள்ளையுறவு. பாட்டும் அசைவும் தொடுகையும் சேர்ந்து நாள்தோறும் அதனை உண்டாக்குகின்றன. இவ்வுண்மையைத் தமிழ்ப் புலவர் எவ்வாறு உணர்ந்திருந்தனர் என்பதும், பின்வந்த காலம் அதில் எதைக் காத்தது, எதைக் கைவிட்டது என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

வில்லிபுத்தூர்த் தந்தை

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு எல்லைப் பகுதியில் வீரசோழன் இருக்கிறது. மேற்கே, மலையடிவாரத்தில் திருவில்லிபுத்தூர் இருக்கிறது. 1985க்கு முன் இரண்டும் இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களே. தமிழில் பிள்ளைமையைப் பாடிய புலவருள் முதலிடம் பெறுபவர் அவ்வில்லிபுத்தூரில் நந்தவனம் பேணி வாழ்ந்த பெரியாழ்வார்.

குழந்தையைப் பாடுபொருளாகக் கொள்ளலாம் என்று தொல்காப்பியம் புறத்திணையியலில் முன்பே இடம் வகுத்திருந்தது. ஆயினும் பிள்ளை வளர்ப்பின் ஒவ்வொரு செயலையும் தனித்தனிப் பதிகமாக்கிய பெருமை பெரியாழ்வாரைச் சாரும். அவருடைய திருமொழியின் முதற்பத்திலும் இரண்டாம் பத்திலும் பதிகங்கள் அமைந்துள்ள முறையைப் பார்த்தாலே இது விளங்கும். தொட்டிலிட்டுத் தாலாட்டுதல் ஒரு பதிகம். நிலவை அழைத்தல் ஒரு பதிகம். செங்கீரை, சப்பாணி, தளர்நடை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதிகம். அச்சோ என்பது பிள்ளை முன்னே ஓடிவந்து தழுவுவதை வேண்டுவது. புறம்புல்கல் என்பது பின்னாலிருந்து வந்து முதுகைக் கட்டிக்கொள்வதைப் பாடுவது. அப்பூச்சி காட்டி விளையாடுவதும், பாலுண்ண அழைப்பதும், காது குத்துவதும், நீராட்டுவதும், குழல் வாரும்போது காக்கையைக் கூவுவதும், பூச்சூட்டுவதும், அந்தியில் காப்பிடுவதும் பின்தொடர்கின்றன.

முன்தழுவலுக்கும் பின்தழுவலுக்கும் தனித்தனிப் பதிகம் என்பது கவனிக்கத் தக்கது. பாடியவரோ ஆண். அவர் புனைந்துகொண்ட குரல் யசோதையினுடையது. அந்த யசோதையும் கண்ணனைப் பெற்றவள் அல்லள். வைணவ மரபு கூறும் வரலாற்றின்படி, தம் துளசி வனத்தில் கண்டெடுத்த ஒரு பெண்மகவைத் தம் மகளாகவே ஆழ்வார் வளர்த்தார், அவளே ஆண்டாள். கண்டெடுத்த பெண்ணை வளர்த்த தந்தை, பெறாத தாயின் குரலில் பாடிய பாட்டுகளே தமிழ்ப் பிள்ளைப் பாட்டுக்கு மூலமாயின.

தேவகியின் குறை

பெற்றவள் குரல் எங்கே என்று கேட்பார்க்குக் குலசேகர ஆழ்வார் விடை தருகிறார். அவருடைய பெருமாள் திருமொழியில் இராமபிரானுக்குரிய தாலாட்டு ஒன்று எட்டாம் பதிகமாக அமைந்துள்ளது. அதற்கு முந்திய ஏழாம் பதிகம் தேவகியின் புலம்பல். பத்துத் திங்கள் சுமந்து பெற்றும், தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று அவள் ஏங்குகிறாள். பிள்ளையின் கிடக்கையை, தவழ்தலை, உண்ணும் அழகை, முதன்மொழியை எல்லாம் யசோதை கண்டாள். தான் காணவில்லை என்பது அவள் குறை. அரசு, செல்வம், மகனின் வெற்றி ஆகிய எவற்றாலும் அக்குறை நிரம்பவில்லை.

ஏழும் எட்டும் அடுத்தடுத்து நிற்பது பொருள் பொதிந்தது. பாடக் கிடைத்தவளின் மகிழ்ச்சிக்கு முன்னே, பாடக் கிடைக்காதவளின் துயரம் வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளையின் முதலிரண்டாண்டுகள் மீண்டு வாராதவை என்ற அறிவு இப்பதிகத்தின் உயிர்நாடி.

அலிமாவின் மடி

வீரசோழன் போன்ற ஊர்களில் இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளை பிறந்ததும் முதலில் கேட்பது பாங்கின் சொற்களை. தந்தையோ குடும்பத்து மூத்தவரோ பிள்ளையின் வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் ஓதுவர். இந்துக் குடும்பங்களில் பெரியவர் ஒருவர் சேனை தொட்டு வைப்பதும், பெயரிடும் நாளில் பிள்ளையின் காதில் பெயரை மும்முறை சொல்வதும் வழக்கம். நாவுக்கும் செவிக்கும் முதல் விருந்து வைக்கும் உரிமை, பெற்றவளைத் தாண்டிச் சுற்றத்துக்கும் உண்டு என்பதே இச்சடங்குகளின் குறிப்பு.

நபிகள் நாயகம் அவர்கள் தந்தையை இழந்த பின் பிறந்தவர். அன்னையையும் இளமையிலேயே இழந்தவர். அவர்களுக்குப் பாலூட்டி வளர்த்தவர் அலிமா என்னும் பாலைநிலத்துச் செவிலித்தாய். கரிசல் மண்ணின் எட்டயபுரத்தோடு தொடர்புடைய உமறுப் புலவர், 17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணத்தைப் பாடியபோது, விலாதத்துக் காண்டத்தில் 'அலிமா முலையூட்டுப் படலம்' என்று ஒரு படலத்தையே இதற்கென ஒதுக்கினார். நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடும் மரபும் தமிழில் உண்டு. 19ஆம் நூற்றாண்டுச் செய்யிது அனபிய்யா புலவரின் நூல் அறிஞரால் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. யசோதையும் அலிமாவும் வேறு வேறு சமயத்தவர் போற்றும் அன்னையர். எனினும், வளர்த்தவளின் மடியைத் தாய்மடியாக ஏற்ற தமிழ் நெஞ்சம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

மாதக் கணக்கு

கடவுளுக்குரியதாய் இருந்த பிள்ளைப் பாட்டை அரசனுக்குரியதாக்கியவர் ஒட்டக்கூத்தர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன் மீது அவர் பாடிய பிள்ளைத்தமிழே இன்று கிடைப்பவற்றுள் பழமையானது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையைப் பெண்மகவாக்கிப் பாடியபோது அவ்விலக்கியம் தன் உச்சத்தைத் தொட்டது.

இவ்வளர்ச்சியினூடே பாட்டியல் நூலார் பத்துப் பருவங்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் மாதக் கணக்கும் கூறினர். நூலுக்கு நூல் வேறுபாடு உண்டெனினும், பெரிதும் வழங்கும் கணக்கு இது: காப்பு 3ஆம் மாதம், செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வருகை 13, அம்புலி 15, சிற்றில் 17, சிறுபறை 19, சிறுதேர் 21. பெண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதி மூன்றும் மாறி அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை இடம்பெறும். பெரியாழ்வாரின் வரிசை இதனோடு முற்றும் ஒத்துச் செல்வதில்லை. அங்கே அம்புலி செங்கீரைக்கு முன்னே வரும். வாழ்க்கையிலிருந்து எழுந்த பாட்டு முந்தியது, இலக்கணம் பிந்தியது.

இக்கணக்கை வெறும் மரபென்று ஒதுக்கிவிட இயலாது. குப்புறக் கவிழ்ந்து, கையூன்றித் தலையெடுத்து, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி ஆடுவது செங்கீரை. உட்கார்ந்து இரு கைகளும் விடுபட்ட பின்னரே கொட்ட இயலும்; அது சப்பாணி. எழுந்து அடியெடுத்து வைப்பது வருகை. விரல் நீட்டி வானத்து நிலவைக் காட்டினால், விரலைப் பாராமல் நிலவைப் பார்க்கப் பிள்ளை கற்றுக்கொள்வது அம்புலி. உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, நலமுள்ள குழந்தைகள் பிடிப்பின்றி உட்காருவது 3.8 மாதத்துக்கும் 9.2 மாதத்துக்கும் இடையே. தானே நடப்பது 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையே. ஒன்பதில் சப்பாணியையும் பதின்மூன்றில் வருகையையும் வைத்த பாட்டியலாரின் கணிப்பு இவ்வெல்லைகளுக்குள் அடங்குகிறது. தமிழ் வீட்டு முற்றத்தில் பிள்ளைகளைக் கண்டு கண்டு பெற்ற அறிவே அவர்களுக்குத் துணை நின்றிருக்க வேண்டும்.

ஏட்டில் ஏறாத இலக்கணம்

புலவர் பாடியவை ஏட்டில் ஏறின. பாட்டிமார் பாடியவை காற்றோடு நின்றன. அவர்கள் பாட்டுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. தால் என்பது நா. நாவை ஆட்டி ஒலியெழுப்புவதால் தாலாட்டு என்பர். தொட்டில் ஒருமுறை போய்த் திரும்பும் கால அளவே அடியின் அளவு. ஆராரோ என்னும் ஒலி நீளும்போது தொட்டில் விலகும். சொல் விழும்போது தொட்டில் திரும்பும். பிள்ளை கண்ணயரத் தொடங்கியதும் கை தளரும். கை தளரவே பாட்டும் தளரும். நூலில் அச்சிட்ட தாலாட்டில் இத்தளர்ச்சியைக் காண முடியாது.

தொட்டிலுக்கு முன்னும் பின்னும் இந்த இலக்கணம் தொடர்கிறது. பாட்டி முற்றத்தில் காலை நீட்டி அமர்ந்து, கால்களின் மேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தடவிக் கை கால்களை நீவி வெந்நீர் வார்ப்பாள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களுக்கு ஒவ்வொன்றாய்ப் பங்கு வைத்து, கைவழியே நண்டு ஏறுவதாய்க் கூச்சங்காட்டிச் சிரிக்க வைப்பாள். சாய்ந்தாடச் செய்வாள், கைவீசச் செய்வாள். சொல், தாளம், தொடுகை மூன்றும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத கலை இது.

பாடுபவளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. யாரடித்து அழுதாய் என்று பிள்ளையைக் கேட்கும் சாக்கில், புகுந்த வீட்டில் தன்னை நோகச் செய்தவர்களை அவள் வரிசையாகச் சுட்டுவாள். தாய்மாமன் கொண்டுவரும் சீரைப் பாடும் சாக்கில், பிறந்த வீட்டை நினைவில் நிறுத்திக்கொள்வாள். கேட்கும் பிள்ளை யாரிடமும் கோள் சொல்லாது. குடும்பத்தில் குரல் உயர்த்த உரிமையில்லாத பெண்ணுக்குத் தாலாட்டு ஒரு முறையீட்டு மன்றமாகவும் இருந்தது.

அச்சின் காலம் வந்தபோது தொகுப்பாளர்கள் தோன்றினர். மு. அருணாசலம் 1943இல் 'காற்றிலே மிதந்த கவிதை'யை வெளியிட்டார். ஆங்கில ஆட்சியின் அலுவலரான பெர்சி மாக்வீன் திரட்டிவைத்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் 'மலையருவி' என்னும் பெயரில் 1958இல் பதிப்பித்தார். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. செ. அன்னகாமுவும் தமிழண்ணலும் தாலாட்டுக்குத் தொண்டு செய்தோருள் சிறப்பானவர். இவர்கள் இல்லையேல் சொற்களும் அழிந்திருக்கும். எனினும் காகிதம் சொல்லை மட்டுமே ஏற்றுக்கொண்டது. பாட்டின் மெட்டும், தொட்டிலின் வேகமும், பாடியபோது பிள்ளையின் முதுகில் தட்டிய கையின் தாளமும் அதில் ஏறவில்லை.

ஆய்வுக்கூடம் கண்டது

காகிதத்தில் ஏறாத அப்பகுதியே குழந்தைக்கு மிகுதியும் வேண்டியது என்பதை அண்மைக் கால அறிவியல் காட்டுகிறது. கருவிலுள்ள குழந்தை ஏறத்தாழ ஆறாம் மாதத்திலிருந்தே ஒலியை உணரத் தொடங்குகிறது. 1980இல் அமெரிக்க ஆய்வாளர் டிகாஸ்பர், ஃபைஃபர் ஆகியோர், பிறந்து மூன்று நாள்களுக்கு உட்பட்ட குழந்தைகள் சூப்பானைச் சூப்பும் முறையை மாற்றித் தத்தம் தாயின் குரலைத் தேடிக் கேட்பதைக் கண்டனர். பெற்றவளின் குரலுக்கு ஒரு முந்துரிமை உண்டு என்பது இதனால் உறுதிப்படுகிறது. தேவகியின் ஏக்கம் வெறும் கற்பனையன்று.

2005இல் கனடாவில் பிலிப்ஸ்-சில்வர், டிரெய்னர் ஆகிய இருவர் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. அழுத்தம் ஏதுமற்ற ஒரே தாளத்தை ஏழு மாதக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்து, சிலரை இரண்டாம் அடிதோறும் சிலரை மூன்றாம் அடிதோறும் தூக்கி ஆட்டினர். பின்னர் இரு வகைத் தாளங்களையும் ஒலிக்கச் செய்தபோது, எவ்வகையில் ஆட்டப்பட்டனவோ அவ்வகைத் தாளத்தையே குழந்தைகள் விரும்பிக் கேட்டன. பிறர் அசைவதை வெறுமனே பார்த்திருந்த குழந்தைகளிடம் இவ்விருப்பம் தோன்றவில்லை. செவி மட்டும் தாளத்தைக் கேட்பதில்லை. ஆட்டப்படும் உடலும் கேட்கிறது. ஏழாம் மாதம் பாட்டியலார் தாலுக்கு வகுத்த மாதம் என்பது இங்கு நினைவுக்கு வரும். 2009இல் அங்கேரியில் நிகழ்ந்த ஆய்வு ஒன்று, பிறந்த சில நாள்களே ஆன குழந்தையின் மூளை, உறக்கத்திலும் தாளத்தின் தலையடி விடுபடுவதை உணர்கிறது என்று காட்டியது.

கைப்பேசியில் தாலாட்டை ஒலிக்கவிட்டுத் தொட்டிலருகே வைத்துவிட்டுப் போகும் வழக்கம் பெருகியுள்ள இக்காலத்தில் இம்முடிவுகளுக்குத் தனிப் பொருள் உண்டு. கருவி பாடும்; தூக்கி ஆட்டாது. பிள்ளை சிரித்தால் திரும்பச் சிரிக்காது.

வெறுந்தொட்டில்

தாலாட்டு மரபின் புகழைப் பேசும்போது அதன் குறையையும் பேசுதல் கடன். தொகுக்கப்பட்ட தாலாட்டுகளில் பெரும்பாலானவை ஆண்மகவை நோக்கியவை. பெண்மகவுக்கென்று எழுந்த பாட்டுகள் சிலவே. பாரதிதாசன் பெண்குழந்தைக்கெனத் தனித் தாலாட்டு எழுதியது இக்குறையை உணர்ந்தமையால்தான். 1980களின் நடுவில் உசிலம்பட்டிப் பகுதியில் நிகழ்ந்த பெண்சிசுக் கொலைகளை இதழ்கள் வெளிக்கொணர்ந்தன. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரித்தது. தாலாட்டுக்குப் பெயர்போன தமிழ்நாட்டில், வேண்டாத பெண்மகவை இட்டுச் செல்ல அரசே தொட்டில் கட்ட நேர்ந்தது. துளசி வனத்தில் ஒரு பெண்மகவைக் கண்டெடுத்தவரின் பாட்டில் தொடங்கிய மரபுக்கு இதைவிடப் பெரிய வினா வேறில்லை.

மற்றொரு தொட்டிலும் சிற்றூர்களுக்கு வந்தது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் தொடங்கிற்று. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. பழைய இராமநாதபுரம் மாவட்டமும் அதில் இடம்பெற்றது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டனர். எத்தனையோ உயிர்களைக் காத்த நற்பணி அது. ஆனால் எடைக்கருவி உணவின் பயனை மட்டுமே காட்டியது. உணவும் நலமும் போலவே குழந்தையின் குறிப்பறிந்து பேணுதலும், தொடக்கத்திலேயே கற்கும் வாய்ப்பும், பாதுகாப்பும் வளர்ச்சியின் கூறுகள் என்று உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் 2018இல் ஒருங்கே அறிவித்தன. பாட்டி முற்றத்தில் காலை நீட்டி அமர்ந்து செய்தது அக்குறிப்பறிதலே. அதே 2018இல் விருதுநகர் மாவட்டம், முன்னேற்றம் நாடும் மாவட்டங்கள் என நடுவணரசு தேர்ந்த பட்டியலில் தமிழ்நாட்டின் சார்பில் இராமநாதபுரத்தோடு இடம்பெற்றது.

2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம் பணிபுரியும் தாய்க்கு 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பளித்தது. நாட்கூலிக்குக் களையெடுக்கும் பெண்ணுக்கு அச்சட்டத்தின் நிழல் எட்டவில்லை. அவளே இம்மண்ணின் தேவகி. பிள்ளையின் தளர்நடையை அவள் காணும் முன் பொழுது சாய்ந்துவிடுகிறது.

கவிஞர் கடன்

தேவகிக்கு ஆறுதல் சொல்லும் வழியைப் பழம்புலவரே காட்டியுள்ளனர். பெற்றவள் இல்லாத பொழுதில் பாட்டியும் தந்தையும் தமக்கையும் அங்கன்வாடிப் பணியாளரும் யசோதையாகலாம், அலிமாவாகலாம். ஆழ்வாரே ஆண்பிறப்பில் தாயாகிப் பாடினார் என்றால், தொட்டில் கயிற்றைப் பிடிக்க எந்தத் தந்தைக்கும் நாணம் வேண்டியதில்லை.

இலக்கிய வட்டத்தார்க்கும் கவிஞர்க்கும் இதில் இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, எஞ்சியிருக்கும் மூதாட்டியரின் பாட்டுகளைச் சொல்லாக மட்டும் எழுதிக்கொள்ளாமல், மெட்டோடும் தொட்டிலின் அசைவோடும் பிள்ளையின் மழலையோடும் பதிந்து வைத்தல். கையிலுள்ள கைப்பேசியே அதற்குப் போதும். பாடியவள் பெயரையும், அவள் இசைந்தால், உடன் எழுதிவைத்தல் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக எழுதப்படாமற் போனது அப்பெயரே. மற்றொன்று, பெண்மகவுக்குப் பாட்டெழுதுதல். மேடைக்கென எழுதாமல், ஆட்டும் கைக்கு இசைந்து நாவில் தங்கும்படி எழுதுதல்.

கருவேல மரத்தில் கட்டிய சேலைத் தொட்டில் அந்தியில் அவிழ்க்கப்படும். சேலை மீண்டும் சேலையாகிவிடும். கிளையில் தடம் கூட இராது. அதில் உறங்கிய பிள்ளையின் உடலில் மட்டும் அத்தாளம் தங்கிவிடும். பின்னாளில் அப்பிள்ளை சொல்லெடுத்துப் பாடுமானால், அதன் முதல் யாப்பு அந்த ஆட்டத்தில் கற்றதே.